என் வீட்டுக்காரர் பிரான்ஸுக்கு ஆடிய ஒரே மேட்ச்

என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர். இதைச் சொன்னால் ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நிற்கிறவள்கூட என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். ஆள் நல்ல கறுப்பு. காலையில் பழைய சோற்றில் மோர் ஊற்றி, சுட்ட கருவாட்டைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர். பக்கத்திலிருக்கிற தவளக்குப்பத்தைத் தாண்டி பஸ்ஸில் போக வேண்டும் என்றாலே தலைசுற்றுகிறது என்பார். ஆனாலும் வெளிநாட்டுக்காரர்தான், அதுவும் பிரெஞ்சுக்காரர். நான் என்ன செய்ய?

அவருடைய அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு எங்கள் புதுச்சேரியில் அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை விட்டுவிட்டுப் போனபோது, யார் எந்த நாட்டுப் பிரஜையாக இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். என் மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரான்ஸ் என்றார். என் மாமியார் விவசாயக் குடும்பத்துப் பெண். அவர், "எனக்கு இந்த ஊரே போதும், ஆள விடுங்க" என்றாராம். ஆக ஒரே வீட்டில், ஒரே பாயில் இரண்டு நாடு. பிள்ளையின் கணக்கு அப்பாவோடு சேர்ந்துவிட்டது. மாமியாரை நான் பார்த்ததில்லை, இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் அப்பாவும் பிள்ளையும் தனியாகத்தான் இருந்தார்கள். சமையல் தமிழில், சண்டை பிரெஞ்சில்.

சொல்தா என்றால் பிரான்ஸிலிருந்து மாதாமாதம் பென்ஷன் கொட்டும் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைப்பார்கள். என் மாமனாருக்குக் கொட்டவில்லை, சொட்டியது. முழுப் பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தபோது மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எதற்குச் சண்டை என்று கேட்டால், "அவன் என் சூப்ப குறை சொன்னான்" என்பார். மனிதர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். மெடல் மட்டும் வரிசையாக வைத்திருந்தார். சமையல்காரருக்கு எதற்கு இத்தனை மெடல் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஒரு சண்டை கிடைத்திருக்கும்.

என் அப்பா நேர் எதிர். மில்லில் நெசவுப் பகுதி மேஸ்திரி. பிரெஞ்சுக்காரனே வெளியேறு என்று கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவர். போன வேகத்திலேயே வெளியே விட்டுவிட்டார்கள், ஆனால் அவர் சொல்லும்போது கேட்டால் ஜெயிலைக் கட்டியதே இவருக்காகத்தான் என்று தோன்றும். இந்த மனிதர் என்னைக் கொண்டுபோய் ஒரு பிரெஞ்சுக்காரனுக்குக் கொடுத்தார் என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். புட்பால்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மில்லுக்கு ஒரு புட்பால் டீம் இருந்தது. நன்றாக ஆடுகிறவனைக் கூட்டி வந்து பதிலியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பதிலி என்றால் தினமும் காலையில் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர வேலைக்காரன் எவனாவது வரவில்லை என்றால் அவன் இடத்தில் அன்றைக்கு வேலை கிடைக்கும். எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். புட்பால்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு, மேட்ச் இருக்கிற வாரம் கட்டாயம் உள்ளே விடுவார்கள். இவர் அந்த டீமின் சென்டர் பார்வர்ட். என் அண்ணன் லெப்ட் விங். அண்ணன் அப்பாவின் தயவில் நிரந்தரம். இவர் பதிலி.

இரண்டு பேருக்கும் ஒரு வித்தை இருந்தது. இடது மூலையிலிருந்து அண்ணன் "மச்சான்!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பந்தைத் தூக்கி அடிப்பான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் இவர் கண்ணைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார், கோல் கம்பத்தின் முன்னால் போய் எகிறுவார். பந்து வந்து நெற்றியில் பட்டு உள்ளே போய்விடும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான், இவனை நிஜமாகவே மச்சானாக ஆக்கிவிடலாம் என்று முடிவுகட்டினார். என்னை யார் கேட்டார்கள்? கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். ஆள் எகிறும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தார்.

கல்யாணமான புதிதில் இந்த வித்தை வீட்டுக்குள்ளும் நடந்தது. ஒருநாள் நான் அடுப்படியில் இருக்கிறேன். அண்ணன் கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து "மச்சான்!" என்று வீசினான். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், வாயில் சோற்றோடு அப்படியே எகிறி நெற்றியால் முட்டினார். கத்திரிக்காய் நேராக வந்து என் ரசச் சட்டிக்குள் விழுந்தது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் தெருமுனை வரைக்கும் விரட்டினேன். "யோசிக்காம பண்ணிட்டேன், சத்தம் கேட்டா ஒடம்பு தானா போவுது" என்றார் இவர். அப்போது நான் நம்பவில்லை.

நாங்கள் இருந்தது ரெட்டியார்பாளையத்தில், என் அப்பா வீட்டில். இரண்டே அறை. ஒன்றில் அப்பா, அம்மா. இன்னொன்றில் அண்ணன், அண்ணி, நாங்கள். நடுவில் என்னுடைய பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டிருந்தோம். காற்றடித்தால் அதுவும் இல்லை. அண்ணியும் நானும் ஒரே அடுப்படியில் ஒரு பருப்பைக் கடைந்து பார்க்க வேண்டும், அப்போது தெரியும். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அவள் போடுகிற உப்பு அவளுக்கு மட்டுமே சரியாக இருக்கும். மாமனாரோ ஊருக்குள் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து மெடல்களோடு இருந்தார், அங்கேயும் போக முடியாது.

மில்லில் நிரந்தரமானால் லைன் வீடு கொடுப்பார்கள். ஓடு போட்ட ஒற்றை வரிசை வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் தனியாக ஒரு அடுப்படி. அந்த அடுப்படிக்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அப்பாவோடு வேலை செய்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் எல்லாரும், "உனக்கென்னடி, பிரான்ஸ் மாப்பிள்ள, இன்னைக்கோ நாளைக்கோ பிளேன் ஏறிடுவ" என்பார்கள். எனக்கு பிளேன் வேண்டாம். அந்தத் தாழ்ப்பாள் வேண்டும். அதுதான் எனக்கு ஒரே ஆசை, அதற்காக நான் கும்பிடாத சாமி இல்லை.

அந்த பிரான்ஸால் எங்களுக்கு ஒரு பைசாப் பிரயோஜனம் கிடையாது, தொல்லைதான் இருந்தது. ஒரு தடவை இவரைப் புதுச்சேரி மாநில டீமில் எடுத்தார்கள். அப்பா தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். மேட்ச் நடக்கிற ஊருக்குப் புறப்படப் போகிற சமயத்தில், வெளிநாட்டுக்காரரைச் சேர்க்க முடியாது என்று இறக்கிவிட்டார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்த ஊர்க் கொசுவிடம் கடிபட்டு வளர்ந்த மனிதர் வெளிநாட்டுக்காரராம். அப்பா நேராகப் போய் மாமனாரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, உங்க நாட்டால எங்க புள்ளைக்கு வந்த நெலமையப் பாத்தீங்களா?"

"உங்க நாடுதான சேக்க மாட்டேன்னுது? எங்க நாடு யாரையும் அப்பிடிச் சொல்லாது" என்றார் மாமனார்.

"அப்ப கூட்டிக்கினு போவச் சொல்லுங்களேன் உங்க நாட்ட!"

"கூப்புடும். நேரம் வந்தா கூப்புடும். அலே!"

அலே என்றால் போ என்று அர்த்தம். மாமனார் எந்தப் பேச்சையும் அதில்தான் முடிப்பார். இவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இவருக்கு வாயே கிடையாது. எனக்கு வாய்த்த வாய்தான் அவருக்கும் சேர்த்து என்று அம்மா சொல்வாள்.

எமர்ஜென்சியெல்லாம் முடிந்த பிறகு ஒரு வருஷம், பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல் ஒன்று எங்கள் கடலில் வந்து நின்றது. அப்படி வரும்போதெல்லாம் கப்பல்காரர்கள் உள்ளூர் டீம் ஒன்றோடு புட்பால் ஆடுவது வழக்கம். அந்தத் தடவை எங்கள் மில் டீம். மேனேஜருக்கு ஒரே குஷி. டீமைக் கூப்பிட்டு, "கப்பல்காரங்கள ஜெயிச்சிட்டா டீம்ல இருக்கிற பதிலிங்க அத்தனை பேருக்கும் பெர்மனென்ட்" என்று சொல்லிவிட்டார். இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாயே இல்லாத மனிதர், கதவருகில் நின்று, "தாழ்ப்பாள்" என்று ஒரே வார்த்தை சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே குதித்தேன்.

மேட்ச் அன்றைக்கு ஊரே மில் மைதானத்தில் இருந்தது. ஒரு பக்கம் என் அப்பா, நெசவுப் பகுதியே அவர் பின்னால். எதிர்ப்பக்கம் சொல்தாக்கள், பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு உடுத்துகிற கோட்டும் மெடலுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் நெஞ்சில் அத்தனை மெடலும் தொங்கியது. பெண்கள் ஏழெட்டுப் பேர் வேப்ப மரத்தடியில் இருந்தோம். என் இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை.

ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் கப்பல் டீமில் ஒரு குழப்பம். அவர்களுடைய பார்வர்ட் முந்தின நாள் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறான். யாரோ புண்ணியவான் அவனைக் கூட்டிப் போய் நண்டு வறுவலும் சாராயமும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நம்மூர் மிளகாய் சும்மா விடுமா? கப்பலை விட்டு இறங்க முடியாமல், இல்லை, கக்கூஸை விட்டு இறங்க முடியாமல் கிடந்தானாம். ஒரு ஆள் குறைகிறது என்று கப்பல் கேப்டன் கையை விரித்தார்.

என் மாமனார் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மைதானத்துக்குள் நடந்து போய்க் கேப்டனுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே கையை நீட்டி என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

என் அப்பா எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். "யோவ் சம்பந்தி! இது மில்லு டீமு! எங்க ஆளு!"

"அவன் பிரான்ஸ் பிரஜை. பிரான்ஸ் கேக்குது" என்றார் மாமனார்.

"பிரான்ஸ் எங்க கேட்டுது? நீங்கதான்யா போய்க் குடுக்குறீங்க!"

மேனேஜர் குறுக்கே வந்து அப்பாவைச் சமாதானப்படுத்தினார். "விடுங்க மேஸ்திரி, விருந்தாளிங்க. இல்லன்னு சொன்னா நல்லா இருக்காது." அவ்வளவுதான். மில்லின் நீலப் பனியனைக் கழற்றிக் கப்பல்காரர்களின் வெள்ளைப் பனியனை மாட்டிவிட்டார்கள். மில்லிலும் பதிலி, பிரான்ஸுக்கும் பதிலி. இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் முறைத்தேன். நான் முறைத்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார், அப்போதும் குனிந்துகொண்டார். மில் டீமில் அவர் இடத்துக்கு பாய்லர் பகுதிப் பதிலி ஒருவனை இறக்கினார்கள். அவன் வெறும் ஒப்புக்குச் சப்பாணி. பந்து வந்தால் வழி விடுவான்.

முதல் பாதியில் இவர் ஒரு கோல் போட்டார், கப்பலுக்காக. என்ன செய்வது, பந்து காலுக்கு வந்தால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். எதிர்ப்பக்கத்தில் சொல்தாக்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள், மாமனார் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "உன் வீட்டுக்காரரு நல்லா போட்டாருடி" என்றாள். வாயை மூடு என்று சொன்னேன்.

இரண்டாவது பாதியில் எங்கள் மில் டீம் எப்படியோ ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. முடியப் போகிற நேரம். மில் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது, இடது மூலையில். அடிக்கிறவன் என் அண்ணன். கப்பல் டீம் மொத்தமும் தங்கள் கோலைக் காப்பாற்றப் பின்னால் வந்து நின்றது. இவரும் வந்து நின்றார், வெள்ளைப் பனியனோடு, கப்பல்காரர்களின் கோல் கம்பத்துக்கு முன்னால்.

அண்ணன் பந்தை வைத்தான். இரண்டடி பின்னால் போனான். மைதானமே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தான்.

"மச்சான்!"

எனக்கு அந்தக் கத்திரிக்காய்தான் ஞாபகம் வந்தது. ஐயோ என்று கத்துவதற்குள் இவர் எகிறிவிட்டார். பந்து வழக்கமான இடத்துக்கு வந்தது, வழக்கமான நெற்றியில் பட்டது, வழக்கம்போல உள்ளே போனது. தன்னுடைய சொந்தக் கோலுக்குள். கப்பல் டீம் கோல்கீப்பர் பந்தைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தான். இவர் கையை உயர்த்திக்கொண்டு என் அண்ணனை நோக்கி ஓடி, பாதி வழியில் தன் பனியனைக் குனிந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

மைதானம் ஒரு நிமிஷம் குழம்பிப் போய் இருந்தது. யார் போட்டது, யாருக்குப் போட்டது? ரெப்ரி விசில் ஊதி மில் பக்கம் கை காட்டியதும் என் அப்பா தலையில் இருந்த துண்டை வானத்தில் வீசினார். இரண்டுக்கு ஒன்று. மூன்றில் இரண்டு கோல் இவர் போட்டது. ஆட்டம் முடிந்ததும் அண்ணனைக் கேட்டேன், "ஏன்டா, அவரு அந்த டீமுன்னு தெரியாது உனக்கு?" "தெரியும். ஆனா நான் வேற யாரு தலைக்கு அடிக்கிறது? வேற தலை எனக்குப் பழக்கமில்லியே" என்றான்.

அப்புறம் பரிசளிப்பு. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர்தான். "இன்னைக்கு நம்ம டீம்ல ஆடி ஜெயிச்ச பதிலிங்க எல்லாருக்கும் வர்ற மாசத்துலேருந்து பெர்மனென்ட்" என்றார். ஒவ்வொருவனாகப் போய்க் கைகொடுத்தான். பாய்லர் பகுதிக்காரனும் போனான். பந்துக்கு வழி விட்டவன்! அவனுக்கு வேலை, அவனுக்கு வீடு, அவன் பெண்டாட்டிக்குத் தாழ்ப்பாள். இவர் மட்டும் வெள்ளைப் பனியனோடு கப்பல்காரர்கள் பக்கத்தில் ஓரமாக நின்றார். ஏனென்றால் அன்றைக்கு அவர் மில் டீமில் இல்லையாம்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மேடைக்கு நடந்தேன். "அடியே, அடியே" என்று அப்பா பின்னாலேயே வந்தார். நான் நிற்கவில்லை.

"சார், ஜெயிச்ச கோல போட்டது யாரு?"

மேனேஜர் மைக்கைக் கீழே இறக்கினார். "அது... அவருதான்மா. ஆனா இன்னைக்கு அவரு அந்த டீம்ல ஆடினாரே. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்த டீமுக்கு அனுப்பினது யாரு? அவரா போனாரா? நீங்கதான சார் விருந்தாளின்னு சொல்லித் தூக்கிக் குடுத்தீங்க?"

"கோவப்படாதம்மா..."

"கோவம் இல்ல சார். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என் புருஷன் உங்க ஆளா, அவங்க ஆளா? உங்க ஆளுன்னா நீங்க வீடு குடுங்க. அவங்க ஆளுன்னா அவங்க குடுக்கட்டும். கப்பல்லயே ஒரு ரூமு இருந்தாலும் பரவால்ல, உள்ளாற தாழ்ப்பாள் இருக்கணும். மாமா! கேளுங்க அந்தக் கேப்டன!"

கூட்டம் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. பிள்ளை போட்ட சேம் சைடு கோலில் அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. இருந்தாலும் கேப்டன் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார். கேப்டன் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே இவர் தோளில் கையைப் போட்டு என்னவோ பேசினார். ரொம்ப நேரம் பேசினார். தலையைத் தொட்டுக் காட்டினார், கடலைக் காட்டினார், என்னையும் குழந்தையையும் காட்டினார். நான் அதற்குள் மறுபடியும் மேனேஜரைப் பிடித்துக்கொண்டு, அடுப்படிக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேப்டன் முடித்ததும் எல்லாரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இவன் அவங்க ஆளு இல்லியாம். இன்னைக்கு ஒரு நாளைக்கி இரவலா வாங்கினாங்களாம். உங்க ஆள உங்ககிட்டயே குடுத்துட்டாராம்."

அவ்வளவு நீளமான பிரெஞ்சுக்குத் தமிழில் இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அந்த பாஷையே அப்படித்தான் போல, வளவளவென்று இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் அப்பா மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா சார், அவங்களே சொல்லிட்டாங்க, எங்க ஆளு!" என்றார். கூட்டம் கை தட்டியது. மேனேஜருக்கும் வேறு வழியில்லை, மைக்கை மறுபடி எடுத்தார்.

லைன் வீட்டுக்குப் போன அன்றைக்குப் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அடுப்படிக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியே அண்ணி, "நல்ல நேரம் போவுது, தொறடி" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அவள் தட்டட்டும் என்று விட்டேன். என் உப்பு, என் பருப்பு, என் கதவு.

இவர் அதற்கப்புறமும் சில வருஷம் ஆடினார். எதிர் டீம்காரர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்டார்கள். எங்கே போனாலும் நாலு பேர் "மச்சான், மச்சான்" என்று கத்தி இவரைக் குழப்புவார்கள், பாவம், பந்தே இல்லாத இடத்திலெல்லாம் எகிறினார். கடைசியில் முழங்கால் போய்விட்டது. மில்லிலும் பழைய செல்வாக்கு இல்லை. டீமைக் கலைத்துவிட்டார்கள். இவர் தறியோடு தறியாக ஆனார்.

மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஜூலை பதினாலு வந்தால் கடற்கரையில் அணிவகுப்பு முடிந்ததும் மெடலோடு நேராக வந்துவிடுவார். என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்படி ஒரு ஜூலை பதினாலு. கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தேன். எதிர் வரிசை வீட்டுப் பெண்ணின் தம்பி பிரான்ஸிலிருந்து லீவில் வந்திருந்தான். சென்ட்டு என்ன, சூட்கேஸ் என்ன, தெருவே மணந்தது. எனக்கு எரிச்சல். பரிமாறிக்கொண்டே சொன்னேன்:

"எல்லாருக்கும் பிரான்ஸ் கூப்புடுது. நம்ம வூட்டுலயும் ஒரு பிரான்ஸ் பிரஜை இருக்காரு, இன்னா பிரயோசனம்? ஒரு நாளாவது யாராவது கூப்புட்டாங்களா?"

மாமனார் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "கூப்புட்டாங்களே."

"யாரு?"

"அந்தக் கேப்டன்தான். அன்னைக்கு மைதானத்துல. இந்த மாதிரித் தலை எங்ககிட்ட எவனுக்கும் இல்ல, தூலோனுக்கு வரச் சொல்லு, அங்க எங்க துறைமுகத்துல டீமு இருக்குது, வேலை குடுக்கறேன், சம்சாரத்துக்கும் புள்ளைக்கும் வீடு குடுக்கறேன்னான்." குழம்பைப் பிசைந்தார். "நல்ல மனுசன்."

"மாமா! அப்ப நீங்க சொன்னது? அவங்க ஆளு இல்ல, இரவல்னு..."

"அது நான் சொன்னது."

"ஏன் மாமா?"

மெடல்கள் குழம்பில் தோய்ந்துவிடாமல் இடது கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். "பிரான்ஸுக்கு ஆடுறதுக்கு எத்தினியோ புள்ளைங்க இருக்கானுங்க. எனக்கு ஒருத்தன்தான? அவனையும் அனுப்பிட்டு நான் அந்த ரூமுல மெடலப் பாத்துக்கினு உக்காந்திருக்கவா? இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கிழவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இவரை நினைத்தால்? நெற்றியே சொத்தாக இருந்த மனிதர். ஒரு வார்த்தை உள்ளபடி சொல்லியிருந்தால் நிஜமான பார்வர்டாக, நிஜமான டீமில் ஆடியிருப்பார். தெரியாமலே போய்விட்டதே! கரண்டியோடு பின்கட்டுக்கு ஓடினேன். இவர் குழாயடியில் உட்கார்ந்து மகளுடைய ஸ்கூல் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, விஷயம் தெரியுமா? அன்னைக்கு அந்தக் கேப்டன் உங்கள பிரான்ஸுக்குக் கூப்புட்டானாம்! உங்கப்பா மாத்திச் சொல்லிட்டாராம்!"

இவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா? எப்ப சொன்னாரு?"

"அவரு சொல்லல. நான்தான் பக்கத்துலயே நின்னேனே. எனக்கு பிரெஞ்சு தெரியாதா என்னா?"

அப்பாவும் பிள்ளையும் பிரெஞ்சில் சண்டை போட்டுத்தான் நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் இது என் மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப ஏன் வாயத் தொறக்கல நீங்க?"

"நீ மேனேஜர்கிட்ட தாழ்ப்பாளப் பத்திப் பேசிக்கினு இருந்த. நடுவுல பேசினா உனக்குக் கோவம் வரும்." ஷூவை ஊதித் தூசியைத் தட்டினார். "அப்பிடி ஒரு மூஞ்சிய நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல. தூலோன்ல கதவுக்குத் தாழ்ப்பாள் எப்பிடி இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! உள்ளே போனேன். அடுப்படிக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். முன்னறையிலிருந்து மாமனார், "ஏம்மா, குழம்பு கேட்டேனே, இன்னா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.